சமாரியன் என்றால் எதிர்க்கடைக்காரன்

"சமாரியன்னா என்னங்க அர்த்தம்?"

"நல்லவன்னு அர்த்தம்."

"அப்ப நல்ல சமாரியன்னா? நல்ல நல்லவனா?"

பேக்கரிக்காரப் பெரியவருக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. கையிலிருந்த ரொட்டித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி ஓவனுக்குள்ளேயே தள்ளினார். கேள்வி கேட்ட அவர் மனைவி பெரியவள், ஒன்றுமே கேட்காதவள் மாதிரி மாவைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். விற்காமல் மிஞ்சுகிற ரொட்டியை எல்லாம் தெருக்கோடியில் இருக்கும் ஆதரவற்றோர் விடுதிக்கு அனுப்புவது பெரியவருக்குப் பல வருடப் பழக்கம். அதை எப்படியோ மோப்பம் பிடித்த நற்பணிச் சங்கம், இந்த வருடத்து 'நல்ல சமாரியன்' பட்டத்தை அவருக்கே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டது. செயலாளர் நேரில் வந்து, இரண்டு பன்னை மென்றுகொண்டே, மேடை உண்டு, கேடயம் உண்டு, நீங்கள் பேசவும் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மகிழ்ச்சியில் பெரியவர் அள்ளி விட்டார். விழாவுக்கு வருகிற அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு ரொட்டி, அதுவும் அப்பா விட்டுப்போன புளித்த தாய்மாவில் செய்தது, என் செலவு என்றார். அன்று முதல் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பன்னை எடுத்து வைத்துவிட்டு வெறும் பையைக் கட்டிக் கொடுப்பதும், மீதிச் சில்லறையை வாங்க வந்தவரிடம் கேட்பதுமாக வியாபாரம் நடந்தது.

ஆனால் பேச வேண்டுமே. என்ன பட்டம் என்று தெரியாமல் எப்படிப் பேசுவது. அதனால் மாடியறையில் குடியிருக்கிற அகராதியைக் கூப்பிட்டார்.

அகராதி என்பது அவருக்குத் தெரு வைத்த பெயர். ஆயுள் முழுக்க அச்சகத்தில் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். சௌக்கியமா என்று கேட்டால், அந்தச் சொல் எங்கே பிறந்து எந்த வழியாக நடந்து நம் வாய்க்கு வந்தது என்று ஆரம்பிப்பார். கேட்டவர் சௌக்கியம் கெட்டுத்தான் வீடு போய்ச் சேருவார். எதையும் மொத்தமாகச் சொல்லும் வழக்கமும் கிடையாது. ஒரு பன்னுக்கு எவ்வளவு வார்த்தையோ அவ்வளவுதான்.

முதல் பன்னுக்கு, பைபிளில் வருகிற கதையைச் சொன்னார். வழியில் போன ஒருவனைத் திருடர்கள் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். குற்றுயிராய்க் கிடக்கிறான். பூசாரி ஒருவர் வருகிறார், பார்க்கிறார், ஒதுங்கி அந்தப் பக்கமாகப் போகிறார். அடுத்து கோயில் பணியாள் வருகிறார், அவரும் அப்படியே. மூன்றாவதாக ஒரு சமாரியன் வருகிறான். காயத்தைக் கழுவிக் கட்டுகிறான், தன் கழுதையில் ஏற்றிவிட்டுத் தான் நடந்து வருகிறான், சத்திரத்தில் சேர்த்து, ஆகிற செலவு என்னுடையது என்கிறான். அதனால்தான் இன்றைக்கும் யாராவது முன்பின் தெரியாதவருக்கு உதவினால் சமாரியன் என்கிறார்கள்.

பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமாரியனைப் பார்த்தால் அப்படியே தன்னைப் பார்ப்பது போலவே இருப்பதாகச் சொன்னார். கழுதைக்கு எங்கே போவீர்கள் என்று பெரியவள் கேட்டாள். அவர் காதில் விழவில்லை. அன்று முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று, "அன்று அவன், இன்று நான்" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பன்னில்தான் வினை வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றார் அகராதி, பன்னின் மேல்தோலை உரித்துக்கொண்டே. "சமாரியன்ங்கறது குணத்துக்கு வச்ச பேரில்ல. அது ஒரு கூட்டத்தோட பேரு. சமாரியாங்கற ஊர்க்காரங்க. ஒரு ராஜா மலையை வாங்கி அங்க ஊரைக் கட்டினான், வித்தவன் பேரையே ஊருக்கு வச்சான்னு பழைய சேதி."

"சரி, நல்ல ஊர்க்காரங்க," என்றார் பெரியவர்.

"யார் சொன்னா? அந்தக் கதையை அன்னைக்கு நேர்ல கேட்டுக்கிட்டு இருந்தவங்களுக்குச் சமாரியன்னாலே ஆகாது. ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே முப்பாட்டன். படிக்கிற வேதத்துல முதல் அஞ்சு புத்தகமும் ஒண்ணுதான். ஆனா பேச்சுவார்த்தை கிடையாது, கைநனைக்கிறது கிடையாது. எந்த மலையில கும்பிடணும்ங்கறதுல சண்டை. நாங்கதான் அசல்னு இவங்க, நாங்கதான் அசல்னு அவங்க."

ரொட்டி வாங்க வந்திருந்த தையல்காரர் மெதுவாகத் திரும்பி, கண்ணாடிக் கதவு வழியாக எதிர்ச்சாரியைப் பார்த்தார். அவர் பார்த்தார் என்று எல்லோரும் பார்த்தார்கள். எதிரே இன்னொரு பேக்கரி. அதன் பலகையில் 'பழைய பேக்கரியின் அசல்' என்று எழுதியிருந்தது. இந்தக் கடைப் பலகையில் 'அசல் பழைய பேக்கரி' என்று எழுதியிருந்தது.

பெரியவர் கல்லாவை இழுத்து மூடினார். பிறகு மிகவும் நிதானமாகக் கேட்டார்:

"அப்ப எனக்கு எதிர்க்கடைக்காரன்னு பட்டம் குடுக்கறாங்களா?"

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எதிர்க்கடைக்காரர் வேறு யாருமல்ல, பெரியவரின் கூடப்பிறந்த தம்பி. சின்னவர் என்றுதான் தெருவில் அவருக்குப் பெயர். இரண்டு பேருக்கும் தொழில் சொல்லிக் கொடுத்தது அப்பா. அவர் கடையின் ரொட்டிக்குப் பெயர் வாங்கித் தந்தது தாய்மாவு. புளித்த மாவுதான். அதில் ஒரு கை எடுத்துப் புது மாவில் சேர்த்தால் ரொட்டி உப்பும். எடுத்த அளவுக்குத் திரும்ப மாவும் தண்ணீரும் ஊட்டிவிட வேண்டும். நாள் தவறாமல் ஊட்டினால் அது சாகவே சாகாது. அப்பா போன பிறகு கடை பிரிந்தபோது, தாய்மாவையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்து இரண்டு ஜாடியில் போட்டார்கள். பாத்திரம் பண்டத்தை எல்லாம் சண்டையில்லாமல் பிரித்தவர்கள், இதில்தான் மோதிக்கொண்டார்கள். ஜாடி இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, அதனால் எங்களிடம் இருப்பதுதான் தாய், உங்களிடம் போனது கிள்ளி எடுத்த பிள்ளை என்றார் பெரியவர். தினமும் ஊட்டி வளர்த்தவன் நான், காப்பாற்றியவன் கையில் இருப்பதுதான் தாய் என்றார் சின்னவர். அவ்வளவுதான். தெரு இரண்டாகிவிட்டது. இந்தக் கடையில் வாங்குகிறவர்கள் அந்தக் கடைப் பக்கம் தும்மக்கூட மாட்டார்கள்.

ஓரகத்திகள் இரண்டு பேரும் அன்றோடு பேச்சை நிறுத்தினார்கள். பெரியவள், சின்னவரின் மனைவி சின்னவளைப் பெயர் சொல்லியோ முறை சொல்லியோ குறிப்பிடுவதே இல்லை. தவிர்க்க முடியாமல் சொல்ல நேர்ந்தால், "எதிர்த்தாப்புல" என்பாள். எதிர்த்தாப்புல இன்னைக்கு ரொட்டி கருகிருச்சு போல. எதிர்த்தாப்புல புதுப் புடவை.

ஆக, பெரியவர் பட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக இருந்தார். செயலாளர் ஓடி வந்து, அந்த அர்த்தம் எல்லாம் இப்போது யாருக்கும் நினைவில்லை, பெயிண்டரிடம் சொல்லி மேடைத் துணியில் எழுதியாயிற்று என்று கெஞ்சினார். மூன்றாவது பன்னைக் கொடுத்து அகராதியை மறுபடி பிடித்தார்கள். இந்த முறை அவர் சமாதானமாகச் சொன்னார். ஊர்ப்பெயர் எல்லாம் மற்றவர்கள் சொல்வது. அந்த மக்கள் தங்களைக் 'காப்பவர்கள்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். வேதத்தை மாற்றாமல் காத்தவர்கள் என்று பொருள். இன்றைக்கும் இருக்கிறார்கள், ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அத்தனை பேரையும் உட்கார வைத்துவிடலாம்.

"காப்பவன். இது நல்லாருக்கு," என்றார் பெரியவர். ஆனால் அவருக்கே ஏதோ உறுத்தியது. காப்பாற்றியவன் கையில்தான் தாய் என்று சொன்னது யார் என்று நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேச்சை மாற்றிவிட்டுச் சலூனுக்குப் போகும் நாளைப் பற்றிப் பேசினார்.

பெரியவள்தான் மாவுக் கையோடு ஒன்று கேட்டாள். அந்தக் கதையைக் கேட்டார்களே, அவர்கள் கடைசியில் சமாரியன்தான் நல்லவன் என்று ஒத்துக்கொண்டார்களா என்று.

"ஒருத்தன் ஒத்துக்கிட்டாம்மா. மூணு பேர்ல யாரு அண்டை வீட்டுக்காரனா நடந்துக்கிட்டான்னு அவன்கிட்டயே கேட்டாங்க. சமாரியன்னு சொல்ல வேண்டியதுதானே? சொல்லல. இரக்கப்பட்டானே, அவன்தான்னான். பேரு வாயில வரல."

பெரியவள் பிசைந்த மாவையே திரும்பவும் பிசைந்தாள்.

விழா நாள் வந்தது. கடைக்கு விடுமுறை. சாயங்காலம் விழா, காலையிலேயே ரொட்டிக்கு மாவு பிசைந்துவிட வேண்டும். அப்போது குளிர்காலம். குளிரில் தாய்மாவு பொங்காமல் தூங்கும். அதற்காகப் பேக்கரிக்காரர்கள் ஒன்று செய்வார்கள். அணைத்த சின்ன ஓவனில் வெதுவெதுப்பு மிச்சம் இருக்கும், அதற்குள் ஜாடியை வைத்துவிடுவார்கள். யாராவது தெரியாமல் ஓவனைப் போட்டுவிடக் கூடாதே என்பதற்காக, இந்த வீட்டில் மாமனார் காலத்திலிருந்தே ஒரு ஏற்பாடு. ஓவன் கைப்பிடியில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே ஜாடி இருக்கிறது, கை வைக்காதே. துண்டு இல்லையென்றால் ஓவன் காலி.

அன்று காலை துண்டு இல்லை.

குளிருக்கு அடுப்படி கொஞ்சம் சூடாகட்டும் என்று பெரியவள் ஓவனைப் போட்டாள். முதல் நாள் சாயங்காலமே மரத்தொட்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்திருந்தாள், விழாவுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று. தட்டுகளுக்கு எண்ணெய் தடவினாள். அவர் மேடையில் என்ன சட்டை போடுவார் என்று யோசித்தாள். தட்டுகளை அடுக்கி முடித்து நிமிர்ந்தபோது ஒரு வாசனை வந்தது. நல்ல வாசனைதான். சுட்ட ரொட்டி வாசனை. இன்னும் மாவே பிசையவில்லையே, அதற்குள் யார் ரொட்டி சுடுகிறார்கள் என்று எதிர்த்தாப்புலைத் திட்டப் போனவள், அப்படியே நின்றாள்.

கதவைத் திறந்தாள். ஜாடி இருந்தது. மாமனாரின் தாய்மாவு ஜாடியின் வாய்க்கு மேல் குல்லா மாதிரி எழும்பி, பொன்னிறமாக வெந்து போயிருந்தது. இவ்வளவு அழகான ரொட்டியை அவள் அந்த ஓவனில் எடுத்ததே இல்லை.

அப்போது வாசலில் பெரியவர் குரல் கேட்டது. சலூனுக்குப் போய் வருகிறேன், அப்படியே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கி வருகிறேன், நேரமாகும் என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அன்று அவன், இன்று நான்" என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டே போனார். தோளில் சிவப்புத் துண்டு. கண்ணாடி முன்னால் பேசிப் பார்க்கும்போது வேர்வை துடைக்க எடுத்திருப்பார்.

கூப்பிட்டு, இந்தாங்க உங்க தோளைப் பாருங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பழி அவர் மேல் போய்விடும். அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பட்டம் வாங்கப் போகிற நாளில், அப்பாவின் தாய்மாவைத் தன் கையால் சாகடித்தோம் என்று தெரிந்தால் அந்த மனுஷன் மேடைக்கு அல்ல, கட்டிலுக்குத்தான் போவார். அவர் திரும்பி வருவதற்குள் ஏதாவது செய்ய வேண்டும். பிசைந்த மாவில் ஒரு உருண்டை மிச்சமிருந்தால்கூட அதிலிருந்து தாயை மீட்டுவிடலாம். தேடினாள். தொட்டியிலிருந்து கரண்டிக் காம்பு வரை எல்லாவற்றையும் அவளே பளபளவென்று கழுவி வைத்திருந்தாள். இவ்வளவு சுத்தக்காரியாகத் தன்னை வளர்த்த தாயை அன்றைக்குத்தான் முதல்முறையாக நொந்துகொண்டாள்.

செயலாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ரொட்டிக்கு ஒரு சிக்கல் என்று ஆரம்பித்தாள். அவர் ஏணி மேல் இருந்தார். துணி ஒரு பக்கம் இறங்குதும்மா, நல்ல சமாரியன்ல நல்ல மட்டும் கீழ தொங்குது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார்.

மாடிக்கு ஓடினாள். அகராதி முழு விஷயத்தையும் கேட்டார். கேட்டுவிட்டு, மிகவும் வருத்தமான செய்தி என்றார். பிறகு, புளிப்பு என்ற சொல் இருக்கிறதே, என்று கண்ணை மூடினார். அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே யாரும் இல்லை.

பெரியவள் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நடுவில் தெரு. நாலு எட்டு வைத்தால் கடந்துவிடலாம். தையல்காரர் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவள் தெருவில் இறங்கினாள். ஒரு சைக்கிள் மணியடித்தது, திரும்பி வந்துவிட்டாள். முந்தானையைச் செருகிக்கொண்டு மறுபடி இறங்கினாள். பாதி தூரம் போனதும், காலிக் கிண்ணத்தோடு போகிறோமே, பார்க்கிறவர்கள் பிச்சை என்று நினைக்க மாட்டார்களா என்று தோன்றியது. கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். பிறகு, கடன் கேட்கப் போகிறவளுக்கு மானம் எதற்கு என்று நேரே போய் எதிர்க்கடைக் கதவைத் தள்ளினாள். கதவு திறக்கவில்லை. அது இழுக்கிற கதவு. இத்தனை வருடத்தில் அதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளே சின்னவர் அவளைப் பார்த்தார். பார்த்ததும் ஆளைக் காணோம். மாவு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு வெள்ளைப் புகை மட்டும் எழுந்தது. அண்ணி என்றால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி.

சின்னவள் கல்லாவில் இருந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன பேசுவது, எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது. பெரியவள் தொண்டையைக் கனைத்தாள்.

"இந்தா... ஓவனைப் போட்டுட்டேன்."

சின்னவள் கிண்ணத்தைப் பார்த்தாள். பெரியவளின் முகத்தைப் பார்த்தாள்.

"ஜாடி உள்ள இருந்துச்சா?"

"ம்."

"துண்டு எங்கக்கா?"

அக்கா என்றதும் பெரியவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துண்டு பட்டம் வாங்கப் போயிருக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பும் வந்துவிட்டது. சின்னவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கல்லாப்பெட்டி மேல் கவிழ்ந்தாள். வெந்த தாய்மாவு எப்படி இருந்தது என்று கேட்டாள். குல்லா மாதிரி, நல்ல நிறம் என்றாள் பெரியவள். இரண்டு பேரும் மூச்சு வாங்குமளவுக்குச் சிரித்தார்கள். மூட்டைக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள்.

சின்னவள் உள்ளே போய்த் தன் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நன்றாகப் பொங்கி, குமிழி விட்டுக்கொண்டிருந்தது. பாதிக்கு மேல் கிண்ணத்தில் சரித்தாள். பெரியவள் போதும் போதும் என்றாள், அவள் நிறுத்தவில்லை.

"எடுத்துக்கோங்கக்கா. உங்க வீட்டுதுதான்."

"பிரிச்ச அன்னைக்கு எங்க வீட்டுது. இப்ப உன்னுது."

"அன்னைக்குப் பிரிச்சது எப்பவோ செத்துப்போச்சு."

பெரியவளுக்குப் புரியவில்லை. சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். இவர் மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் கிடந்தாரே, அப்போது கூடவே இருந்ததில் மாவுக்கு யாரும் ஊட்டவில்லை. வந்து பார்த்தால் ஜாடி கறுத்து நாறிக் கிடந்தது. கடையைத் திறக்க வழியில்லாமல் பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன் என்றாள்.

"உங்க வீட்டுக்காரரு பின்வாசலா வந்தாரு. கையில கிண்ணம். ஒண்ணும் பேசல, வச்சுட்டு, இதை உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிராத, தெரிஞ்சா என்னையும் சேர்த்துப் பிசைஞ்சிருவான்னுட்டுப் போயிட்டாரு."

பெரியவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்கிட்ட பயந்தா?"

"பின்ன? நீங்கதானே எங்களோட பேசக் கூடாதுன்னீங்க."

"நானா? அவருக்குப் பிடிக்காதேன்னுதான் நான் பேசாம இருந்தேன்."

"நான் எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்காதேன்னு அவருகிட்டயே இதைச் சொல்லல."

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து சின்னவர் எழுந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் மாவு. திடீரென்று பத்து வயது கூடிப்போனவர் மாதிரி இருந்தார். வாயைத் திறந்தார், மாவுதான் வந்தது.

"அப்ப நான் இத்தனை வருஷமா அசல்னு சொல்லி வித்தது அண்ணன் மாவா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க. அதனால பலகையில எழுதினதுல தப்பில்ல," என்றாள் சின்னவள்.

அதற்கு மேல் பேச நேரமில்லை. சின்னவள் கடையைச் சாத்தினாள். மூன்று பேரும் பின்வாசல் வழியாக, ஆளுக்கொரு பாத்திரத்தோடு, பழைய அடுப்படிக்குப் போனார்கள். சின்னவர் அண்ணன் வீட்டுத் தொட்டியைப் பார்த்ததும் யாரும் சொல்லாமலே கையை மடித்துவிட்டு இறங்கிவிட்டார். உப்பு அதிகம் என்றாள் பெரியவள், அப்பா போடுகிற அளவுதான் அண்ணி என்றார் அவர். பிசைவதிலேயே ஒரு சண்டை, உருட்டுவதில் ஒரு சண்டை. இத்தனை வருடம் சேர்த்து வைத்ததை ஒரே நாளில் போட்டுத் தீர்த்தார்கள். மாவு எழும்பக் காத்திருந்த நேரத்தில் சின்னவள், அக்காவின் புடவை மடிப்புகளைக் குறை சொன்னாள். பெரியவள் அவளுடைய புதுப் புடவைக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று கேட்டு, ஏமாந்துவிட்டாய் என்று திருப்தியோடு சொன்னாள்.

மதியம் தாண்டிப் பெரியவர் வந்தபோது எதிர்க்கடைக்காரர்கள் பின்வாசலால் போய்விட்டிருந்தார்கள். தட்டுத் தட்டாக ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அவர் தலை வாரி, மீசை நறுக்கி, மாப்பிள்ளை மாதிரி இருந்தார். ரொட்டியைப் பார்த்து, நன்றாக எழும்பியிருக்கிறதே என்றார். ஆமாம், ஆள் அதிகம் என்று சொல்ல வந்து, ஆமாம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மண்டபத்தில் கூட்டம். மேடைத் துணியில் 'நல்ல' இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. செயலாளர் வரவேற்றுப் பேசும்போதே ரொட்டியை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். மேடையில் பெரியவருக்கும் ஒன்று. முதல் வரிசையில் பெரியவள். பக்கத்தில் அகராதி. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், அழைக்காமல் வந்த இரண்டு பேர்.

பெரியவர் ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். மெல்ல ஆரம்பித்தவர் நிறுத்தினார். தொழில்காரர் நாக்கு அது. இந்தப் புளிப்பு தன் கடைப் புளிப்பு அல்ல. கோதுமையைத் தவிடோடு அரைத்து ஊட்டுகிற வீட்டின் புளிப்பு. தெருவில் அப்படி ஊட்டுகிற வீடு ஒன்றே ஒன்றுதான். மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு வேர்த்தது. சட்டைப்பைக்குள் கைவிட்டு, மடித்து வைத்திருந்ததை எடுத்து நெற்றியைத் துடைத்தார். துடைத்ததைப் பார்த்தார்.

சிவப்புத் துண்டு.

வாயில் ரொட்டி, கையில் துண்டு. செயலாளர் மைக்கை அவர் பக்கமாக நகர்த்தி, பேசுங்கள் என்று கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பு மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அன்று அவன்," என்று ஆரம்பித்தார் பெரியவர். அதற்கு மேல் வரவில்லை. ரொட்டியை விழுங்கிவிட்டுத் தூணைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ரொட்டி நல்லாருக்குன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல. எங்க வீட்டு மாவை இன்னைக்குக் காலையில நான் கொன்னுட்டேன். இது..."

நிறுத்தினார். முதல் வரிசையில் பெரியவளும் அகராதியும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள்.

"இது என் தம்பி கடை மாவு," என்றார்.

தையல்காரர் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தார். எதிர்க்கடைப் பக்கம் தும்மாதவர் அவர். பார்த்துவிட்டு மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

தூணுக்குப் பின்னாலிருந்து சின்னவர் வந்தார். காதோரம் இன்னும் மாவு இருந்தது. அது அண்ணன் கொடுத்த மாவு, பட்டம் அண்ணனுக்குத்தான் என்றார். நீ காப்பாற்றி வைத்த மாவு, உனக்குத்தான் என்றார் பெரியவர். காப்பாற்றினது நானு, இவரு ஆஸ்பத்திரியில படுத்திருந்தாரு என்றாள் சின்னவள். தெருவைத் தாண்டி வந்தது யாராம் என்று பெரியவள் எழுந்தாள், அந்தக் கதவை இழுக்கணும்னுகூட ஒருத்தரும் எனக்குச் சொல்லல. கேடயத்தை ஏந்திக்கொண்டிருந்த செயலாளர், பேசுகிறவர் பக்கமாக அதை நீட்டி நீட்டி, கடைசியில் சுற்றிச் சுற்றி வந்தார். மண்டபம் சிரித்துச் சிரித்து ரொட்டித் துணுக்குகளை எல்லாம் மடியில் சிந்தியது.

"செயலாளர் சார், எங்க வீட்டுல ஒரு சண்டை பாக்கி இருக்கு," என்றார் பெரியவர். "அதுவரைக்கும் இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு இருங்க."

மேடையை விட்டு இறங்கினார். பெரியவள் அவர் கையிலிருந்த சிவப்புத் துண்டைப் பிடுங்கி, எங்கேயும் போகாதபடி தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். நாலு பேரும் பேசிக்கொண்டே, ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே வாசலைத் தாண்டிப் போனார்கள். இப்போது எந்த ஜாடி தாய், எந்த ஜாடி பிள்ளை என்று புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தது தெருவிலிருந்து கேட்டது. "வாடி இங்க, நீயே சொல்லு," என்று பெரியவளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

செயலாளர் கேடயத்தோடு அகராதியிடம் வந்து நின்றார். பெயர் பொறிக்கிறவன் வெளியே காத்திருக்கிறான், இதில் யார் பெயரைப் போடச் சொல்வது என்றார்.

அகராதி வாயிலிருந்ததை மென்று முடித்தார்.

"போடாதீங்க. கதையிலயும் அவனுக்குப் பேரு கிடையாது," என்றார். பிறகு செயலாளர் சாப்பிடாமல் நாற்காலியில் வைத்திருந்த ரொட்டியைக் காட்டி, அது உங்களுக்கு வேண்டுமா என்று கேட்டார்.